வாகனங்களில் அகச்சிவப்பு விளக்கும் இரவுப்பார்வையும்

மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை வாகனத்தின் முன்னால் வீசி, அவை பொருள்களில் பட்டுத் திரும்புவதைக் கேமரா வழியாகத் திரையில் கண்டு இரவில் வாகனம் ஓட்டும் முறை, அகச்சிவப்பு இரவுப்பார்வை எனப்படும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீரங்கி வண்டிகளுக்காக உருவான இம்முறை, பின்னர் விலையுயர்ந்த கார்களிலும் இடம்பெற்றது. இராணுவங்கள் கழித்துவிட்ட பழைய அகச்சிவப்பு விளக்குகளும், கண்காணிப்புக் கேமரா அமைப்புகளிலிருந்து கழற்றப்பட்ட எல்.இ.டி. விளக்குகளும் இன்று உபரிப் பொருள்களாகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதால், அவற்றைத் தம் வாகனங்களில் தாமே பொருத்திப் பார்க்கும் ஆர்வம் பலரிடம் காணப்படுகிறது.

இதைப் படிக்கும் மாணவர்கள் ஒரு செய்தியைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வாகனத்தின் முகப்பு விளக்குக்கு இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, ஓட்டுநருக்குப் பாதையைக் காட்டுவது. மற்றொன்று, வாகனம் வருகிறது என்பதைப் பிறருக்குக் காட்டுவது. அகச்சிவப்பு விளக்கு முதல் வேலையை மட்டுமே செய்யும். எனவே அது முகப்பு விளக்குக்குத் துணையாகலாமே தவிர, அதற்கு மாற்றாக ஆக முடியாது.

அகச்சிவப்புக் கதிர் என்பது என்ன?

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஆகும். சிவப்பு நிறத்துக்கு அப்பால் உள்ள, அதைவிட நீண்ட அலைகளைக் கொண்ட கதிர்களே அகச்சிவப்புக் கதிர்கள். 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்புக்கு வெளியே, எந்த ஒளியும் தெரியாத இடத்திலும் வெப்பநிலை உயர்வதைக் கண்டு இக்கதிர்களை அறிந்தார்.

இரவுப்பார்வைக்குப் பயன்படும் அகச்சிவப்பை இரண்டாகப் பிரிக்கலாம்.

அண்மை அகச்சிவப்பு: ஏறத்தாழ 700 முதல் 1400 நானோமீட்டர் வரை. இது நடத்தையில் ஒளியைப் போன்றதே. கண்ணாடியை ஊடுருவும், பொருள்களில் பட்டுத் தெறிக்கும். சாதாரணக் கேமராக்களில் உள்ள சிலிக்கான் உணரி ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரை உள்ள கதிர்களை உணரக்கூடியது.

வெப்ப அகச்சிவப்பு: இரவுப்பார்வைக் கருவிகளில் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை. மனித உடல், விலங்கு, சூடான எஞ்சின் ஆகியவை தாமாகவே வெளியிடும் கதிர் இது. இதைக் காண விளக்கே தேவையில்லை. ஆனால் சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். அதனால் வெப்பக் கேமராவின் வில்லை பெரும்பாலும் ஜெர்மானியம் என்னும் தனிமத்தால் செய்யப்படுகிறது. அதை வாகனத்தின் முன்கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் பயனில்லை. வெளியேதான் வைக்க வேண்டும்.

விளக்கு பொருத்தி ஓட்டும் முறை முதல் வகையைச் சேர்ந்தது. இதை எளிதில் விளங்கிக்கொள்ள ஒரு சோதனை உண்டு. தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத ஒளி பல கைப்பேசிகளின் திரையில் வெண்புள்ளியாக மின்னும். அந்த ரிமோட்டின் கதிர் பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது.

வரலாறு

அகச்சிவப்பைக் கண்ணுக்குத் தெரியும் படமாக மாற்றும் குழல்கள் 1930களில் உருவாயின. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ஜெர்மனி, பாந்தர் வகைப் பீரங்கி வண்டிகள் சிலவற்றில் எஃப்ஜி 1250 என்ற அகச்சிவப்புக் கருவியைப் பொருத்தியது. 200 வாட் விளக்கும் அதற்கான பார்வைக் கருவியும் அதன் உறுப்புகள். இன்னும் தொலைவைக் காண, 60 செ.மீ. விட்டமுள்ள தேடுவிளக்கைச் சுமந்த ஊகு என்ற அரைச்சங்கிலி வண்டி உடன் சென்றது. ஊகு என்றால் ஜெர்மன் மொழியில் பேராந்தை. பிரிட்டனில் டாபி என்ற பெயரில், வடிகட்டி மாட்டிய முகப்பு விளக்கையும் கண்ணில் அணியும் இருகுழல் நோக்கியையும் கொண்டு இருட்டில் வண்டி ஓட்டும் கருவி உருவானது. அமெரிக்கா 1945இல் ஒக்கினாவா போரில் அகச்சிவப்பு விளக்கும் நோக்கியும் பொருத்திய துப்பாக்கிகளைப் பயன்படுத்தியது.

போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்தின் டி-54, டி-55 வகை வண்டிகளிலும், அமெரிக்காவின் எம்-48, எம்-60 வகை வண்டிகளிலும் அகச்சிவப்பு முகப்பு விளக்குகள் இடம்பெற்றன. 1973 அக்டோபரில் நடந்த அரபு-இஸ்ரேல் போரில், சிரியாவின் சோவியத் வண்டிகளில் இருந்த இந்த வசதி கோலான் மேட்டின் இரவுச் சண்டைகளில் அவற்றுக்கு உதவியது.

ஆனால் இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. எதிரியிடமும் அகச்சிவப்பு நோக்கி இருந்தால், விளக்கை ஏற்றியவனின் இருப்பிடம் அவனுக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்துவிடும். விண்மீன் வெளிச்சத்தையே பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் குழல்கள் 1960களில் போர்க்களத்துக்கு வந்தன. அவற்றைத் தொடர்ந்து வெப்பக் கேமராக்கள் வந்தன. இவற்றுக்கு விளக்கு தேவையில்லை. எனவே இராணுவங்கள் அகச்சிவப்பு விளக்குகளைப் படிப்படியாகக் கைவிட்டன. கழிக்கப்பட்ட அவ்விளக்குகளே உபரிச் சந்தைக்கு வந்தன.

உபரியாகக் கிடைக்கும் விளக்குகள்

1. வடிகட்டி மாட்டிய இழை விளக்குகள். பழைய இராணுவ விளக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை. உள்ளே இருப்பது சாதாரண டங்ஸ்டன் இழை பல்புதான். டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 3000 கெல்வின் வெப்பநிலையில் எரிகிறது. வீன் விதிப்படி கணக்கிட்டால் அதன் கதிர்வீச்சு உச்சம் 970 நானோமீட்டர் அருகே, அதாவது அகச்சிவப்பில் அமைகிறது. இழை பல்பு வெளிச்சத்தைவிட வெப்பத்தையே மிகுதியாகத் தருகிறது என்று நாம் குறை சொல்லும் அதே இயல்பு இங்கே பயனாகிறது. முன்னால் உள்ள கருங்கண்ணாடி, தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் வெளியே விடுகிறது. தடுக்கப்பட்ட ஆற்றல் முழுவதும் கண்ணாடியிலேயே வெப்பமாகத் தங்குவதால் இவ்விளக்குகள் மிகவும் சூடாகும்.

2. எல்.இ.டி. விளக்குகள். கண்காணிப்புக் கேமராக்களுக்குத் துணையாக வைக்கப்பட்டவை. சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுப் பொருள் சந்தைகளில் கண்காணிப்புக் கேமராப் பொருள்களோடு விற்கப்படுபவை இவை. 850, 940 நானோமீட்டர் என்ற இரண்டு அலைநீளங்களில் இவை கிடைக்கின்றன. 850 விளக்கை அருகில் நின்று நேராகப் பார்த்தால் மங்கிய சிவப்புத் தணல் தெரியும். 940 விளக்கில் அதுவும் தெரியாது. ஆனால் சிலிக்கான் உணரியின் உணர்திறன் 940இல், 850இல் இருப்பதில் பாதி அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ இறங்கிவிடுகிறது. ஆகவே தொலைவு தெரிய வேண்டுமானால் 850 விளக்கே ஏற்றது.

3. லேசர் விளக்குகள். மிகக் குறுகிய கற்றையாக நெடுந்தொலைவு செல்பவை. கண்ணுக்குத் தீங்கானவை என்பதால் தாமே செய்து பார்ப்பவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கேமராவும் திரையும்

எல்லாக் கேமராக்களும் அகச்சிவப்பைப் பார்க்காது. பகலில் நிறங்கள் மாறித் தெரியாமல் இருக்க, வண்ணக் கேமராக்களின் உணரிக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் மெல்லிய கண்ணாடி வைக்கப்பட்டிருக்கும். பகல், இரவு இரண்டுக்குமான கேமராக்களில் இத்தடுப்பு இருட்டியதும் தானாக விலகும். அப்போது கேட்கும் டிக் என்ற ஒலி அது நகரும் ஓசையே. வாகனத்துக்கு இவ்வகைக் கேமராவே வேண்டும்.

வில்லையின் கோணம் முக்கியமானது. 1280 புள்ளிகள் அகலமுள்ள படத்தில், 90 பாகைக் கோணக் கேமரா 50 மீட்டர் தொலைவில் 100 மீட்டர் அகலத்தைக் காட்டும். அதாவது ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 8 செ.மீ. அரை மீட்டர் அகலமுள்ள ஒரு மனிதர் அப்படத்தில் 6 புள்ளி அளவே இருப்பார். 40 பாகைக் கோணக் கேமராவில் அதே தொலைவில் 36 மீட்டர் அகலமே தெரியும். அதே மனிதர் 18 புள்ளி அளவுக்குத் தெரிவார். பின்னால் நகர்த்தும்போது பார்க்கப் பொருத்தும் அகலக் கோணக் கேமராவை முன்னால் மாட்டி ஓட்டுவது ஏன் தவறு என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும்.

திரையிலும் ஒரு சிக்கல் உண்டு. 7 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 15 செ.மீ. அதை 70 செ.மீ. தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது 12 பாகை அளவே. 40 பாகைக் காட்சியை 12 பாகைக்குள் அடைப்பதால் எல்லாப் பொருள்களும் மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்துத் தெரியும். சிறிதாகத் தெரிவதை நம் மூளை தொலைவில் இருப்பதாகவே கொள்ளும். இரு கண்களால் கிடைக்கும் ஆழ உணர்வும் திரையில் இல்லை. ஆகவே திரையைப் பார்த்து ஓட்டுபவர், அருகில் வந்துவிட்ட ஆளை இன்னும் தொலைவில் இருப்பவராக எண்ணிவிட இடமுண்டு.

திரையின் வெளிச்சமும் குறைவாக இருக்க வேண்டும். பிரகாசமான திரையைப் பார்த்த கண், இருட்டுக்கு மீண்டும் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகும்.

பொருத்தும் முறை

மின்னழுத்தம். இராணுவ வாகனங்கள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் இயங்குபவை. கார், ஜீப் ஆகியவை 12 வோல்ட். 24 வோல்ட் பல்பை 12 வோல்ட்டில் எரித்தால் அதன் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே 12 வோல்ட் பல்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். மறுபுறம், 12 வோல்ட் என்று எழுதப்பட்ட எல்.இ.டி. விளக்குகளில் வேறு சிக்கல். எஞ்சின் ஓடும்போது வாகனத்தின் மின்னழுத்தம் 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும். அவ்வப்போது அதற்கு மேலும் துள்ளும். சுவரில் மாட்டுவதற்காகச் செய்த விளக்கு இதைத் தாங்காமல் சில வாரங்களில் கருகலாம். மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சுற்று ஒன்றை இடையில் சேர்க்க வேண்டும்.

வயரும் ஃபியூசும். 100 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயர் சூடாகி உருகும். இதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தேவை. பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் போட வேண்டும். வண்டியின் சுவிட்ச் நேரடியாக இச்சுமையைத் தாங்காது என்பதால் ரிலே வழியாக இணைக்க வேண்டும். 36 வாட் எல்.இ.டி. விளக்கு 3 ஆம்பியர்தான் எடுக்கும். அதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

ஒளி உணரி. கண்காணிப்பு விளக்குகள் பலவற்றில், இருட்டியதும் தானாக எரியச் செய்யும் சிறு உணரி இருக்கும். தெருவிளக்கின் கீழே செல்லும்போதும் எதிர்வண்டி வரும்போதும் இது விளக்கை அணைத்துவிடும். அதன் மீது கறுப்பு நாடா ஒட்டி மறைப்பதே எளிய வழி.

கற்றையின் கோணம். இதில்தான் பலர் ஏமாறுகின்றனர். 60 பாகை விரியும் விளக்கு, 50 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 58 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் தன் கதிரைப் பரப்பிவிடும். 15 பாகை விளக்கு 13 மீட்டர் வட்டத்துக்குள் அதைக் குவிக்கும். பரப்பளவை ஒப்பிட்டால், அதே வாட் அளவில் இரண்டாவது விளக்கு ஏறத்தாழ 19 மடங்கு வலுவானது. தவிர, தொலைவு இரட்டிப்பானால் பொருளின் மீது விழும் கதிர் நான்கில் ஒரு பங்காகும். தெரியும் தொலைவை இரட்டிப்பாக்க வேண்டுமானால் விளக்கின் திறனை நான்கு மடங்காக்க வேண்டும்.

இடம். விளக்கைப் பம்பர் உயரத்திலும் கேமராவை மேலேயும் தள்ளித் தள்ளி வைப்பது நல்லது. இரண்டும் ஒட்டியிருந்தால், காற்றில் உள்ள தூசியும் மழைத்துளியும் கதிரை நேராகக் கேமராவுக்கே திருப்பி அனுப்பித் திரையை வெளுக்கச் செய்யும். மூடுபனி விளக்குகளைத் தாழ்வாக வைப்பதற்கும் இதுவே காரணம். விளக்கு ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றை மறைக்கக் கூடாது. எல்.இ.டி. விளக்கின் பின்புற உலோகத் தகடு காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். அது எடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகவே மாறுகிறது.

முன்கண்ணாடி. கேமராவை உள்ளே வைப்பவர்கள் முன்கண்ணாடியின் தன்மையைப் பார்க்க வேண்டும். பச்சைச் சாயல் கொண்ட வெப்பத்தடுப்புக் கண்ணாடியில் உள்ள இரும்புச் சேர்மம் அண்மை அகச்சிவப்பைப் பெரிதும் உறிஞ்சும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடியோ அதைத் திருப்பி அனுப்பிவிடும்.

எவ்வளவு தொலைவு தெரிய வேண்டும்?

ஓட்டுநர் ஒன்றைக் கண்டு பிரேக்கை மிதிக்க 1.5 விநாடி ஆகிறது என்றும், உலர்ந்த தார்ச்சாலை என்றும் கொண்டால், வண்டி நிற்கத் தேவையான தொலைவு பின்வருமாறு அமையும்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில்: ஏறத்தாழ 26 மீட்டர்
மணிக்கு 60 கி.மீ. வேகத்தில்: ஏறத்தாழ 45 மீட்டர்
மணிக்கு 80 கி.மீ. வேகத்தில்: ஏறத்தாழ 69 மீட்டர்

வேகம் இரட்டிப்பானால் நிற்கும் தொலைவு இரட்டிப்புக்கும் மேலாகிறது என்பதைக் கவனிக்கவும். இதில் கேமராவின் தாமதத்தையும் சேர்க்க வேண்டும். படம் திரைக்கு வர பத்தில் ஒரு விநாடி ஆனால், 60 கி.மீ. வேகத்தில் வண்டி அதற்குள் 1.7 மீட்டர் நகர்ந்திருக்கும். மேலும், வெளிச்சம் போதாதபோது கேமரா ஒவ்வொரு படத்தையும் நீண்ட நேரம் பதிவு செய்யும். அதனால் நகரும் உருவங்கள் கலங்கித் தெரியும். வண்டியை நிறுத்திவைத்துச் சோதிக்கும்போது தெளிவாக இருந்த படம், ஓடும்போது கலங்குவதற்கு இதுவே காரணம்.

திரையில் உலகம் எப்படித் தெரியும்?

அகச்சிவப்பில் தெரியும் காட்சி, கறுப்பு வெள்ளைப் புகைப்படம் போல இருந்தாலும் அது நாம் அறிந்த உலகம் அன்று.

இலைதழைகள் அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால் பனி படர்ந்தது போல வெண்மையாகத் தெரியும். ராபர்ட் வில்லியம்ஸ் வுட் என்ற இயற்பியலாளர் 1910இல் எடுத்த அகச்சிவப்புப் படங்களால் இது அவர் பெயராலேயே அறியப்படுகிறது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் செயற்கை இழைத் துணிகள் பல, திரையில் வெளுத்துத் தெரியும். தேங்கிய நீர் கருமையாகத் தெரியும். பள்ளமா, நீரா, ஈரத்தாரா என்று பிரித்தறிவது கடினம். மாடு, நாய், மான் ஆகியவற்றின் கண்கள் பளிச்சென மின்னும். சாலைப் பலகைகளும் அவ்வாறே மின்னும்.

இவை எல்லாவற்றையும்விட அபாயமானது சிவப்பு விளக்கு பற்றியது. இன்றைய வாகனங்களின் எல்.இ.டி. பின்விளக்கும் பிரேக் விளக்கும் 630 நானோமீட்டர் அருகே உள்ள சிவப்பு ஒளியை மட்டுமே வெளியிடுகின்றன. எதிர்வண்டிக் கூச்சத்தைக் குறைக்கக் கேமராவுக்கு முன் அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டியை மாட்டினால், இந்தச் சிவப்பு விளக்குகள் திரையில் அடியோடு மறைந்துவிடும். முன்னால் செல்லும் லாரி பிரேக் போட்டதைத் திரை காட்டாது. போக்குவரத்து விளக்கின் நிறமும் தெரியாது. பழைய இழை பல்புகளோ அகச்சிவப்பை மிகுதியாகக் கக்குவதால் திரையை நிரப்பும் வெண்படலமாகத் தெரியும். ஆகவே ஒரே சாலையில் செல்லும் இரண்டு வண்டிகளில் ஒன்று கண்ணைக் கூசச் செய்யும். மற்றொன்று மறைந்தே போகும்.

மூடுபனியில் உதவுமா?

அகச்சிவப்பு மூடுபனியைத் துளைத்துச் செல்லும் என்ற கருத்து பரவலாக உள்ளது. 850 நானோமீட்டர் விளக்கைப் பொறுத்தவரை இது சரியன்று. மூடுபனித் துளிகள் பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ளவை. இது வெள்ளை ஒளியின் அலைநீளத்தைவிடவும் 850 நானோமீட்டரைவிடவும் பல மடங்கு பெரிது. துளி பெரிதாக இருக்கும்போது இரண்டு ஒளிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறும். தொலைமலைகளை மறைக்கும் மெல்லிய புகைமங்கலில் துகள்கள் மிகச் சிறியவை என்பதால் அங்கு அகச்சிவப்பு தெளிவாகக் காட்டும். அதைக் கண்டே மூடுபனிக்கும் இது பொருந்தும் என்று பலர் கருதுகின்றனர்.

கண்ணுக்குப் பாதுகாப்பா?

பிரகாசமான ஒளி கண்ணில் பட்டால் நாம் இமையை மூடுகிறோம், கண்மணி சுருங்குகிறது. இவை இயற்கை தந்த காவல். அகச்சிவப்புக்கு இந்தக் காவல் வேலை செய்யாது. இருட்டில் கண்மணி நன்கு விரிந்திருக்கும். அந்நிலையில் வலுவான அகச்சிவப்பு விளக்கை அருகிலிருந்து பார்ப்பவர், எதுவும் தெரியாததால் பார்த்துக்கொண்டே இருக்கக்கூடும். கதிர் விழித்திரையிலும் கண்வில்லையிலும் வெப்பத்தை உண்டாக்கும். உலையருகே நெடுங்காலம் வேலை செய்த கண்ணாடித் தொழிலாளர்களுக்குக் கண்புரை வந்ததற்கு அகச்சிவப்பே காரணம் என்பது மருத்துவம் அறிந்த செய்தி.

விளக்குகளின் கண் பாதுகாப்பை ஐஇசி 62471 என்ற பன்னாட்டுத் தரநிலை வகைப்படுத்துகிறது. உபரி விளக்குகளில் இத்தகவல் பெரும்பாலும் இருப்பதில்லை. பல விளக்குகளை ஒன்றாகக் கட்டி ஒரே திசையில் குவிப்பதும், நிற்கும் வண்டியில் அவற்றை எரியவிடுவதும் தவிர்க்கப்பட வேண்டும். வண்டியின் முன்னால் வேடிக்கை பார்க்கும் குழந்தையின் கண்மட்டமும் பம்பர் விளக்கின் உயரமும் ஏறத்தாழ ஒன்றே என்பதை மறக்கக் கூடாது.

சட்டம் சொல்வது

இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின் பொதுச்சாலையில் செல்லும் வாகனத்தில் முகப்பு விளக்கும் பின்விளக்கும் எரிய வேண்டும். அகச்சிவப்பு விளக்கு இதற்கு ஈடாகாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட நிலையிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே கூடுதல் விளக்கு பொருத்தும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

ஒளிபெருக்கிக் குழல்களும் வெப்பக் கேமராக்களும் பல நாடுகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மலிவான வெப்பக் கேமராக்கள் பல, விநாடிக்கு 9 படங்கள் மட்டுமே காட்டுவதற்கு இக்கட்டுப்பாடே காரணம். 60 கி.மீ. வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே வண்டி ஏறத்தாழ 2 மீட்டர் கடந்துவிடும் என்பதால் அவை ஓட்டுவதற்கு ஏற்றவை அல்ல. காட்டுப் பகுதிகளில் இத்தகைய கருவிகளோடு இரவில் செல்வது வேட்டைக் குற்றமாக ஐயுறப்படவும் இடமுண்டு.

கார் நிறுவனங்களின் அமைப்புகள்

2000ஆம் ஆண்டு மாதிரியான காடிலாக் டிவில் காரே இரவுப்பார்வை வசதியுடன் விற்பனைக்கு வந்த முதல் கார். அது வெப்பக் கேமரா வகை. படம் முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் தெரிந்தது. 2002இல் டொயோட்டா, விளக்கு வீசும் அண்மை அகச்சிவப்பு முறையைக் கொண்டுவந்தது. 2004இல் ஹோண்டா லெஜண்ட், இரண்டு வெப்பக் கேமராக்களைக் கொண்டு பாதசாரியைக் கண்டறிந்து எச்சரித்தது. 2005இல் மெர்சிடிஸ் எஸ் வகுப்பு அண்மை அகச்சிவப்பையும், பிஎம்டபிள்யூ 7 வரிசை வெப்பக் கேமராவையும் தேர்ந்தெடுத்தன.

இரண்டுக்கும் நிறைகுறைகள் உண்டு. விளக்கு முறையில் சாலைக்கோடுகளும் பலகைகளும் தெளிவாகத் தெரியும், தொலைவு குறைவு. வெப்ப முறையில் மனிதரும் விலங்கும் நெடுந்தொலைவிலிருந்தே துலங்குவர். ஆனால் கோடையில் பகல் முழுதும் காய்ந்த சாலையின் வெப்பநிலை உடல் வெப்பநிலையை நெருங்கும்போது வேறுபாடு மங்கும். கோயம்புத்தூர் மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் கண்டறிய 2024இல் தொடங்கப்பட்ட அமைப்பு வெப்பக் கேமராக்களைப் பயன்படுத்துகிறது.

இந்தக் கார்கள் அனைத்திலும் பொதுவான ஒன்று உண்டு. எவற்றிலும் இரவுப்பார்வை, முகப்பு விளக்குக்கு மாற்றாக வைக்கப்படவில்லை. முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்; அதன் எல்லைக்கு அப்பால் இருப்பதைக் காட்டுவதே இரவுப்பார்வையின் வேலை.

பயன்படும் இடங்கள்

சொந்தத் தோட்டம், பண்ணை, ஆலை வளாகம் போன்ற மூடிய இடங்களில் குறைந்த வேகத்தில் காவல் சுற்றுவதற்கும், உரிய அனுமதியோடு இரவு விலங்குகளைத் தொந்தரவின்றிக் கணக்கெடுப்பதற்கும், நிற்கும் வாகனத்திலிருந்து சுற்றுப்புறத்தைக் கண்காணிப்பதற்கும் உபரி அகச்சிவப்பு விளக்குகள் நன்கு பயன்படும். இயற்பியல் மாணவர்களுக்கு அலைநீளம், எதிரொளிப்பு, எதிர் இருமடி விதி, மின்சுற்று ஆகிய பாடங்களை ஒரே கருவியில் கற்பிக்கவும் இது ஏற்றது.

பொதுச்சாலை அப்படிப்பட்ட இடம் அன்று. இருட்டில் சாலையைக் கடக்கும் முதியவர், வெளிச்சம் வருகிறதா என்று இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறார். விளக்கில்லாத மிதிவண்டிக்காரர், பின்னால் வரும் வெளிச்சம் தன் நிழலை முன்னே நீட்டுவதைக் கண்டே ஓரம் ஒதுங்குகிறார். முகப்பு விளக்கை அணைத்துவிட்டு அகச்சிவப்பை மட்டும் நம்பி வரும் வண்டி அவர்களிடமிருந்து இந்த எச்சரிக்கையைப் பறித்துவிடுகிறது. ஓட்டுநருக்கு அவர்கள் தெரிந்தாலும் அவர்களுக்கு ஓட்டுநர் தெரிவதில்லை. ஆகவே அகச்சிவப்பு விளக்கைப் பொருத்துபவர், முகப்பு விளக்கு எரியும்போது மட்டுமே அது எரியும்படி இரண்டின் மின்சுற்றையும் இணைத்துவிட வேண்டும். ரிலேயின் கட்டுப்பாட்டு வயரை முகப்பு விளக்கின் மின்வழியிலிருந்து எடுத்தால் இது எளிதில் அமைந்துவிடும்.